பில்லிங் கவுண்டரில் கட்டுக்கட்டாகப் பணம்: எது இடறினால் எங்கே பார்ப்பது

மஞ்சள் பையை மேசைமேல் வைத்துவிட்டு, "எண்ணிக்கோ தாயி" என்று சொல்லி ஃபோன் பேச வெளியே போய்விடுவார்கள். கேஷ் கவுண்டரில் வருகிற பெரிய தகராறுகள் பலவும் அந்த நிமிடத்தில்தான் பிறக்கின்றன. மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லி வந்ததை, என்ன சிக்கல் தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்ற கணக்கில் இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம். ரசீது அவர் கைக்குப் போகும்வரை மேசைமேல் இருப்பது அவர் பணம், நம் பணம் அல்ல. அதனால் அவர் கண்ணை விட்டு அது நகரக் கூடாது. பின்னறைக்கு எடுத்துப் போய் எண்ணுவது, டிராயரில் இருக்கும் பணத்தோடு சேர்த்து வைத்து எண்ணுவது, பாதி எண்ணும்போது இன்னொரு பில்லைப் பார்ப்பது எல்லாமே வம்பை விலை கொடுத்து வாங்குவதுதான். "ஐயா, இருந்து பாத்துட்டுப் போங்க, ரெண்டு நிமிஷம்" என்று உட்கார வைத்துவிடுங்கள்.

"ஒன்றரை லட்சம்" என்கிறார், மெஷின் 1,49,500 காட்டுகிறது

உடனே "ஐநூறு கொறையுது" என்று சொல்லாதீர்கள். முதலில் மெஷினைச் சந்தேகப்படுங்கள். மடிந்த நோட்டும், ஒட்டிக்கொண்ட இரண்டு நோட்டும் சேர்ந்து ஒன்றாகப் போயிருக்கலாம். கட்டை எடுத்து விசிறி போல ஒரு முறை விரித்து, மடிப்புகளை நிமிர்த்தி, திரும்ப ஓட்டுங்கள். இரண்டாவது முறையும் அதே எண் வந்தால் எந்தக் கட்டில் 99 இருக்கிறதோ அதை மட்டும் தனியே எடுத்து, அவர் முன்னால் கையால் எண்ணுங்கள்.

இங்கேதான் வங்கிக் கட்டின் சீட்டு உதவும். 500 ரூபாய்க் கட்டு ஒன்று 100 நோட்டு, 50,000 ரூபாய். அதைச் சுற்றியுள்ள காகித நாடாவில் வங்கி முத்திரையும் தேதியும் இருக்கும். எண்ணி முடித்து ரசீது போடும்வரை அந்த நாடாவைக் குப்பையில் போடாதீர்கள். எந்த நாடா எந்தக் கட்டுக்கு என்று பக்கத்திலேயே வையுங்கள். வங்கிக் கட்டிலேயே ஒன்று குறைந்திருந்தால், அவர் அந்த நாடாவை எடுத்துக்கொண்டு வங்கியில் கேட்கலாம். நாடா இல்லையென்றால் வங்கியும் கைவிரிக்கும், அவர் பார்வையில் திருடர் நாம்தான்.

எண்ணி முடித்ததும் ஒரு துண்டுச் சீட்டில் 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை என்று எழுதி, தொகை போட்டு, அவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். ரசீதின் அலுவலகப் பிரதியோடு பின் அடித்து வையுங்கள். சீட்டில்தான் பின், நோட்டில் அல்ல. நோட்டில் எதுவும் எழுதவும் வேண்டாம்.

மெஷினில் சரியாக வந்தது, ராத்திரி 300 குறைகிறது

இந்த 300 என்ற எண்ணே பாதி விடை சொல்லிவிடும். பழைய மெஷின்கள் நோட்டு எத்தனை என்றுதான் எண்ணும், மதிப்பைப் பார்க்காது. 500 கட்டுக்குள் ஒரு 200 நோட்டு இருந்தால் மெஷின் நூறு என்று காட்டும், பணம் 300 குறையும். 100 நோட்டு இருந்தால் 400 குறையும். 600, 700, 800 குறைந்தால் அப்படி இரண்டு நோட்டு. 500 குறைந்தால் காரணம் வேறு: ஒரு நோட்டே இல்லை, அல்லது மீதி கொடுக்கும்போது ஒன்று கூடப் போயிருக்கிறது.

மதிப்பு பார்க்கும் மெஷின் இல்லாத இடத்தில் ஒரு கைப்பழக்கம் போதும். இப்போதுள்ள புதிய வரிசை 500, 200, 100 மூன்றுக்கும் அகலம் ஒன்றுதான், 66 மில்லிமீட்டர். நீளம்தான் வேறு: 500 நோட்டு 150 மி.மீ., 200 நோட்டு 146, 100 நோட்டு 142. கட்டைச் செங்குத்தாக நிறுத்தி, குட்டைப் பக்கத்தை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். மேல் விளிம்பைப் பாருங்கள். சின்ன நோட்டு இருக்குமிடத்தில் பல் விழுந்தது போல ஒரு பள்ளம் தெரியும். 200 என்றால் பக்கவாட்டில் மஞ்சள் கோடாகவும் தெரியும். 100 ஊதா கலந்த நிறம், சாம்பல் 500க்கு நடுவில் கண் ஏமாறும். அதனால்தான் தட்டிப் பார்ப்பது.

இதில் ஏமாற்று நோக்கம் அநேகமாக இருக்காது. சீட்டுப் பணம், கடை வசூல், சொந்தக்காரர் நாலு பேர் கொடுத்தது என்று பல கையிலிருந்து வந்து ரப்பர் பேண்ட் போட்ட கட்டு அது. அவருக்கே தெரியாது.

மெஷின் கீச்சென்று நின்றுவிட்டது: கள்ள நோட்டா?

கத்தாதீர்கள். பின்னால் இருபது பேர் நிற்கும்போது "இது டூப்ளிகேட்" என்று ஒரு குரல் போதும், மகளை ஐசியுவில் வைத்திருக்கும் மனிதர் கூனிக் குறுகிப் போவார். நான் ஒருமுறை அப்படிச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். அந்த நோட்டு நல்ல நோட்டு. சட்டைப் பையோடு சோப்புத் தூளில் துவைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். நல்ல நோட்டுக் காகிதம் புற ஊதா வெளிச்சத்தில் பளீரென்று ஒளிராது. சோப்புத் தூளில் துணியை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் பொருள் காகிதத்தில் ஏறிவிட்டால் ஒளிரும், மெஷினும் கள்ளன் என்று கத்தும். சென்சாரில் தூசி படிந்தாலும் அப்படித்தான். மெஷினை வாரம் ஒரு தடவையாவது பிரஷ்ஷால் துடையுங்கள்.

ஆகவே மெஷின் நிறுத்தினால் கண்ணும் விரலும் பார்க்க வேண்டும். 500 நோட்டைச் சாய்த்தால் நடுவிலுள்ள பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும். வலது கீழ்ப் பக்கமுள்ள 500 என்ற எண்ணும் அப்படியே மாறும். வெளிச்சத்தில் பிடித்தால் வெற்றிடத்தில் காந்தி முகமும் 500ம் நீர்க்குறியாகத் தெரியும். வரிசை எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டே போகும். இரண்டு ஓரத்திலும் ஐந்தைந்து கோடுகள் விரலுக்குச் சொரசொரவென்று படும். எனக்கு இந்தக் கோடுகள்தான் நம்பிக்கை. விளக்கு மங்கலாக இருக்கும் நைட் ஷிஃப்டிலும் விரல் பொய் சொல்லாது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இரண்டு கதைகளை நம்பாதீர்கள். வரிசை எண்ணில் நட்சத்திரக் குறி இருந்தால் கள்ள நோட்டு என்பது பொய். அச்சில் பழுதான நோட்டுக்கு மாற்றாக ரிசர்வ் வங்கியே விடும் வரிசை அது. பச்சை இழை கவர்னர் கையெழுத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் காந்தி படத்தை ஒட்டி இருந்தால் செல்லாது என்பதும் பொய். இந்த இரண்டைச் சொல்லி நோட்டைத் திருப்பிய காசாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையிலேயே சந்தேகம் தீரவில்லையா? ரசீது போடுவதற்கு முன்னால் என்றால், "அண்ணே, இந்த ஒண்ணை மெஷின் எடுக்கல, வேற குடுங்க, இதை பேங்க்ல காட்டிருங்க" என்று மெதுவாகச் சொல்லி மாற்றி வாங்குங்கள். கட்டில் பல நோட்டு அப்படி இருந்தால் நீங்களாக முடிவெடுக்காமல் மேலாளரைக் கூப்பிடுங்கள். ரசீது போட்ட பிறகு தெரிந்தால் அது மருத்துவமனையின் நஷ்டம். வங்கிக்குப் போனால் முத்திரை குத்திப் பிடித்து வைத்துக்கொண்டு ஒப்புகைச் சீட்டுதான் தருவார்கள், பணம் தர மாட்டார்கள். ஒரே தடவையில் ஐந்து நோட்டோ அதற்கு மேலோ இருந்தால் வங்கி போலீசுக்குப் புகார் கொடுத்தே ஆக வேண்டும். "அடுத்த ஆளுக்கு மீதியில் தள்ளிவிடுவோம்" என்று நினைத்தால் மட்டும் நீங்கள் குற்றவாளி; கள்ள நோட்டென்று தெரிந்தே புழக்கத்தில் விடுவது ஜெயிலுக்குப் போகும் குற்றம்.

பில் 3,40,000, முழுவதும் ரொக்கமாகக் கொண்டு வந்திருக்கிறார்

வாங்க முடியாது. இதில் மேலாளருக்கோ டாக்டருக்கோ விதிவிலக்கு கொடுக்கும் அதிகாரம் கிடையாது. 2017 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்டி பிரிவில் வந்த விதி இது: 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறிவிட்டது, வரம்பு மாறவில்லை. மீறினால் வாங்கிய தொகை முழுவதும் அபராதம். 3,40,000 வாங்கினால் 3,40,000 கட்ட வேண்டியது வாங்கியவர்தான், கொடுத்தவர் அல்ல. அவருக்குப் பயமில்லை, நமக்குத்தான்.

கவுண்டரில் வழக்கமாக நடக்கும் "யோசனைகள்" எல்லாம் இந்த விதியில் முன்பே அடைக்கப்பட்டவை. இன்று ஒன்றரை, நாளை ஒன்றரை என்று பிரித்து வாங்கலாமா? ஒரே நாளின் கூட்டுத்தொகை, ஒரே பரிவர்த்தனை, ஒரே நிகழ்வு என்று மூன்று வழியிலும் விதி பார்க்கிறது. ஒரு அட்மிஷன் என்பது ஒரே நிகழ்வு. பத்து நாள் பத்து ரசீது போட்டாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். "அப்ப உங்க பேங்க் அக்கவுண்ட்லயே ரொக்கமாப் போட்டுடறேன்" என்பார்கள். நம் கணக்கில் ரொக்கமாகப் போட்டாலும் அது நாம் வாங்கிய ரொக்கமே. கிராஸ் பண்ணாத பேரர் செக்கும் (கொண்டு போகிறவர் கையில் ரொக்கமாகத் தரும் காசோலை) அந்தக் கணக்கில்தான் சேரும். அண்ணன் பேரில் பாதி, தம்பி பேரில் பாதி என்று ரசீது போடச் சொன்னாலும் செய்யாதீர்கள். படுத்திருப்பவர் ஒருவர், பில்லும் ஒன்று.

மருத்துவமனைக்கு விலக்கு உண்டு என்று அடித்துச் சொல்பவர்கள் கொரோனாக் காலத்தை நினைத்துச் சொல்கிறார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் மே 31 வரை மட்டும், கொரோனா நோயாளிகளுக்காக, நோயாளி மற்றும் பணம் கட்டுபவரின் பான் அல்லது ஆதார் எண்ணையும் இருவருக்குமுள்ள உறவையும் எழுதி வாங்கிக்கொண்டு 2 லட்சத்துக்கு மேல் வாங்க அனுமதி இருந்தது. அந்த இரண்டு மாதத்தோடு சரி. ஆனால் அந்தப் படிவம் நல்ல யோசனை. பெரிய தொகைக்கு இன்றும் நாங்கள் அந்த விவரங்களைத்தான் எழுதி வாங்குகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? 2 லட்சத்துக்குக் கீழே ஒரு பகுதியை ரொக்கமாக வாங்கலாம், மீதி வங்கி வழியாக வர வேண்டும். 3,40,000 என்றால் 1,90,000 ரொக்கம், 1,50,000 யுபிஐயோ கார்டோ. வங்கி வழிக்கு ஆள் கணக்கு இல்லை, மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு 50,000 அனுப்பட்டும். மருத்துவமனைக்கு யுபிஐயில் ஒரு தடவைக்கு 5 லட்சம் வரை அனுப்ப 2024 ஜனவரியிலிருந்து வழி இருக்கிறது. ஆனால் நம் யுபிஐ கணக்கு மருத்துவமனை வகையில் பதிவாகியிருக்க வேண்டும், அனுப்புபவரின் வங்கியும் அவ்வளவு அனுமதிக்க வேண்டும். ஒரு லட்சத்தைத் தாண்டியதும் "லிமிட் எக்சீடட்" என்று வந்தால் நம் வகைப் பதிவைத்தான் முதலில் வங்கியில் கேளுங்கள். அவர் அன்றுதான் ஃபோன் மாற்றி ஆப் போட்டிருந்தால் முதல் 24 மணி நேரம் சின்னத் தொகைதான் போகும், அது நம் கோளாறு இல்லை.

கையில் இருப்பது ரொக்கம் மட்டும் என்றால், அவர் தன் சொந்தக் கணக்கில் போட்டு அங்கிருந்து அனுப்ப வேண்டும். கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்ப, 2 லட்சமும் மேலும் என்றால் ஆர்டிஜிஎஸ், குறைவென்றால் நெஃப்ட். பாஸ்புக்கும் பான் அட்டையும் கொண்டு போகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டு தடவை அலைவார். ரொக்கத்தைக் கொடுத்து டிடி (வங்கி வரைவோலை) எடுக்கலாமே என்றால் 50,000 தொட்டதும் வங்கி அப்படித் தராது, கணக்கில் பிடித்துத்தான் தரும்.

பெரியவர்களிடம் சட்டப் பிரிவு எண்ணைச் சொல்லிப் பயனில்லை. போன ஆனியில் ஒருவர் மாட்டையும் வண்டியையும் விற்ற பணத்தை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து வைத்தார். "என் காசை வாங்க உனக்கு என்ன தாயி கஷ்டம்? நான் என்ன திருடியா கொண்டாந்தேன்?" என்று கேட்டார். அவரைச் சந்தேகப்படுகிறோம் என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. "ஐயா, உங்க காசுல ஒரு குத்தமும் இல்ல. இதுக்கு மேல ரொக்கமா வாங்கினா எங்களுக்குத்தான் தண்டம் போடுவாங்க. பேரனை வரச் சொல்லுங்க, நானே கூட இருந்து சொல்றேன்" என்றதும் உட்கார்ந்தார். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பணம் வங்கி வழி வரும்வரை சிகிச்சை நிற்காது. அதைச் சொல்லாவிட்டால் நாம் பேசும் மற்ற எதுவும் அவர்கள் காதில் ஏறாது.

இந்தப் பிரச்சினையை டிஸ்சார்ஜ் கவுண்டரில் தீர்க்க முடியாது, அட்மிஷனில்தான் தீர்க்க முடியும். கையெழுத்து வாங்கும் எஸ்டிமேட் படிவத்திலேயே "ரொக்கம் 2 லட்சத்துக்குக் குறைவாக மட்டும்" என்று தமிழில் பெரிதாக அச்சடியுங்கள். ரொக்க அட்வான்ஸ் 1,50,000 தொட்டதும் சாஃப்ட்வேரில் எச்சரிக்கை வர வையுங்கள். ஆர்டிஜிஎஸ் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும், ஆனால் ரொக்கத்தைப் போட வங்கிக் கிளை திறந்திருக்காது. வார இறுதி டிஸ்சார்ஜ் என்றால் வெள்ளிக்கிழமையே ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அப்படியே, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நகையை அடகு வைத்து முடித்த பிறகு அட்டையை எடுத்து நீட்டியவர்கள் உண்டு.

கிழிந்தது, நனைந்தது, 2000 நோட்டு

நனைந்த கட்டை மெஷினில் விடாதீர்கள், மின்விசிறிக்குக் கீழே பரப்பிக் காய்ந்ததும் கையால் எண்ணுங்கள். கிழிந்த 500 நோட்டில் ஒரே துண்டாக 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வங்கி முழு மதிப்பும் தரும், 40 முதல் 80 வரை பாதி, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஓரம் கொஞ்சம் போனதை வாங்கி வைத்து வங்கியில் மாற்றிக்கொள்ளலாம், ஒட்டுப்போட்டதை வேண்டாம் என்று சொல்லலாம். 2000 நோட்டு 2023 மே 19 அன்று புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. செல்லாது என்று ஆகவில்லை, ஆனால் வங்கிக் கிளை இப்போது வாங்காது. பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து வந்தால் சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு வழி சொல்லுங்கள். 2016 நவம்பருக்கு முந்தைய 500, 1000 நோட்டுகள் செல்லாக்காசு. செல்லாது என்று அறிவித்த அந்த வாரம், மருத்துவமனைகளில் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும்தான் பழைய நோட்டு வாங்க அனுமதி, எங்களுக்கு இல்லை. அந்த வாரம் கவுண்டரில் நின்றவர்களுக்கு மேலே சொன்னது எல்லாம் சின்ன விஷயம்.

"போன வாரமே ஐம்பதாயிரம் கட்டினேனே", கணக்கில் இல்லை

பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். எங்கள் ஊரில் ஒரே நாளில் மூன்று முருகேசன் படுத்திருப்பார்கள். ரசீது எண், இல்லையென்றால் தேதியும் தொகையும் போட்டு அந்த ஷிஃப்டின் ரொக்க வரவுப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் பணம் பக்கத்து முருகேசனின் ஐ.பி. எண்ணில் (உள்நோயாளி எண்ணில்) உட்கார்ந்திருக்கும். அடுத்து நைட் ஷிஃப்டில் கரண்ட் போனபோது கையால் எழுதிய ரசீதுப் புத்தகத்தைப் பாருங்கள். சாஃப்ட்வேரில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். இரண்டிலும் இல்லையென்றால் "யார் கையில கொடுத்தீங்க?" என்று கேளுங்கள். "மாடில நர்ஸம்மாகிட்ட" என்று பதில் வந்தால் இது இனி உங்கள் வேலை இல்லை, நிர்வாகத்தின் வேலை. கேமரா பதிவு அழிவதற்குள் அன்றே எழுத்தில் கொடுங்கள். 5,000க்கு மேற்பட்ட ரொக்க ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடும் பழக்கத்தையும் விடாதீர்கள்.

அட்வான்ஸ் மிச்சம் 62,000, கேட்பவர்கள் இரண்டு பேர்

மச்சினர் கட்டிய பணத்தை மகன் திரும்பக் கேட்பார். ரசீதில் நோயாளி பெயர் மட்டும் இருந்தால் மாட்டிக்கொண்டோம். "பணம் கட்டியவர்" என்று தனிக் கட்டம் வைத்து, பெயர், உறவு, ஃபோன் எண் எழுதுங்கள். மிச்சத்தை அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். ரொக்கமாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள், நோயாளி இறந்திருந்தால் இன்னும் கவனம். அந்த வீட்டில் அன்று யாரும் கணக்குப் பேசும் நிலையில் இருக்க மாட்டார்கள், பதினாறாம் நாள் முடிந்ததும் பேசுவார்கள்.

வழியில் பறக்கும் படை பிடித்துவிட்டது என்று ஃபோன் வருகிறது

தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது 50,000க்கு மேல் ஆவணம் இல்லாத ரொக்கத்தை நிறுத்தி வைப்பார்கள். அந்த நாட்களில் எஸ்டிமேட் கடிதத்தை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்: நோயாளி பெயர், ஐ.பி. எண், தொகை, தேதி, முத்திரை, நம் லேண்ட்லைன் எண். வங்கியில் எடுத்த சீட்டையும் கூட வைத்திருக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பிடிபட்டிருந்தால் பறிமுதல் ரசீதை வாங்கிக்கொண்டு மாவட்டத்தில் இதற்கென்றே உள்ள மூன்று அதிகாரிகள் குழுவிடம் கடிதத்தோடு போகலாம். அதிகாரி நமக்கு ஃபோன் செய்தால் எடுத்து, அட்மிஷன் உண்டு என்று உறுதிப்படுத்த ஒரு ஆளாவது கவுண்டரில் இருக்க வேண்டும். மதிய சாப்பாட்டு நேரத்தில் அடித்து ஓயும் ஃபோனால் ஒரு ஆபரேஷன் தள்ளிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஷிஃப்ட் முடிவில் கணக்கு இடிக்கிறது

ரொக்கம் அதிகமாகவும் யுபிஐ அதே தொகைக்குக் குறைவாகவும் இருந்தால், ரொக்கமாக வாங்கிவிட்டு யுபிஐ பட்டனைத் தட்டியிருக்கிறீர்கள். இது அடிக்கடி நடப்பது, பத்து நிமிட வேலை. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 5,400ஐ 4,500 என்று போட்டால் 900 இடிக்கும். வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையில் ஒரு ரீஃபண்ட் இருக்கிறதா என்று பாருங்கள், வரவில் ஏற்றியிருப்பீர்கள். மேலே சொன்ன 300, 400 என்றால் கட்டுகளைத் தட்டிப் பாருங்கள்.

பணம் குறைவதைவிட மிச்சம் வருவதைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். மிச்சம் என்றால் யாருக்கோ ரசீது போகவில்லை. பையில் போடவும் வேண்டாம், நாளைய குறைவுக்கு ஈடு கட்டவும் வேண்டாம். கவரில் போட்டு, தேதியும் ஷிஃப்டும் தொகையும் எழுதி, இரண்டு பேர் கையெழுத்தோடு பெட்டகத்தில் வையுங்கள். கேட்டு வருபவர் எங்கள் அனுபவத்தில் மூன்றாம் நாளுக்குள் வந்துவிடுவார், எத்தனை நோட்டு கொடுத்தார் என்றும் சரியாகச் சொல்வார்.